ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்து நின்ற மகனுக்கு

அன்புள்ள பாலு,

நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இதுவோ நீளமான கடிதம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதே; ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். உன் அக்கா ரேவதி வந்தால் அவளைப் படிக்கச் சொல்லலாம், ஆனால் அவள் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓடுவாள், பிடித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொள். திங்கட்கிழமை காலையில் நீ தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறப் போகிறாய். கேண்டீனில் வேலை. தட்டு அடுக்க வேண்டும், மேசை துடைக்க வேண்டும், ஷிப்ட் நடுவில் டீயோடு கொடுக்கிற பன்னையும் பிஸ்கட்டையும் வரிசையில் வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "ஊர்ல வேற வேலயே இல்லியா? இவனப் போயா பன்னு பக்கத்துல நிக்க வைக்கிறாங்க?" என்றாள். அவள் ஏன் சிரித்தாள் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. திருவள்ளூரில் உனக்குப் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த சுகந்தி மேடம், இந்தக் கடிதத்தை அங்கே வரும் மற்ற அப்பா அம்மாக்களுக்கும் படித்துக் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ பிறந்தபோது டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரை டாக்டர் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. உன்னைத் தூக்கினால் கையில் நிற்கமாட்டாய், நனைந்த துண்டு மாதிரி வழிந்து போவாய். தசையெல்லாம் தளர்ச்சியாக இருக்கும், தலை நிற்கவும் உட்காரவும் நடக்கவும் எல்லாமே தாமதமாகும் என்றார்கள். நெஞ்சில் சின்ன ஓட்டை இருந்தது, அது தானாகவே மூடிக்கொண்டது. நான் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி வைக்கிறவனுக்குப் பூ மாதிரி ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தத் தெரியவில்லை. டாக்டரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இவன் தன் கால்ல நிப்பானா சார்?" அவர் நிற்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. "நீங்க எவ்ளோ உழைக்கிறீங்களோ அவ்ளோ" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தக் கேள்வி ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

உழைத்தது உன் அம்மா. பொய் சொல்வானேன், நான் ஷிப்டைக் காரணம் காட்டித் தூங்கிக்கொண்டிருப்பேன். அவள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறித் திருவள்ளூர் போவாள். சுகந்தி மேடம் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் வந்து செய்வாள். குப்புறப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுவது, பெரிய பந்தின் மேல் உட்கார வைத்து அசைப்பது, சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொல்வது. பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்து, "புள்ளயப் போட்டு இன்னாத்துக்குமா இந்தப் பாடு படுத்துற?" என்பார். அம்மா கிலுகிலுப்பையை இன்னும் வேகமாக ஆட்டுவாள். நீ முதல் முதலாக யாரும் பிடிக்காமல் நின்றது நம் வீட்டுக் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான். அதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நடந்து வந்த அன்று, மில்லில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தின்பதற்குக் கொடுத்துத்தான் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் டீயோடு கொடுக்கிற தீனியைப் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் யாரும் அங்கே தின்பதில்லை. பன்னோ, சமோசாவோ, பிஸ்கட்டோ, டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நானும் அப்படித்தான். நீ நன்றாக நடக்க ஆரம்பித்ததும், கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற புங்கமரத்து நிறுத்தத்தில் போய் நிற்பாய். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி பஸ் என்று சொல்லிவிடுவாய். இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்து, பத்து வருஷம் காணாமல் போனவர் திரும்பி வந்தது போலக் கை தட்டிச் சிரிப்பாய், அவர்களும் பதிலுக்குக் கை தட்டுவார்கள். எட்டு மணி நேரம் நின்று நின்று கால் கடுத்து வருகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேறு எங்கே கிடைக்கும்? பையில் கைவிட்டு, தன் பிள்ளைக்கு வைத்திருந்ததில் ஒன்றை உன் கையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ். கடைசியில் நான் வந்து இறங்கி என் பங்கையும் கொடுப்பேன். ஓவர்டைம் பார்த்த நாளில் இரட்டைப் பங்கு. ஊரே ஊட்டி வளர்க்கிற பிள்ளை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் நீ பஸ் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினாய். பகலில் படுத்தாலும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தது. சுகந்தி மேடம் உன்னை எடை பார்க்கும் கருவியில் நிறுத்தினார், பிறகு என்னை வரச் சொல்லி அனுப்பினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டும் குறைவாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் போடுகிறாயே, அந்த மாத்திரை அப்போது வந்ததுதான். ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்று மேடம் தீனிப் பட்டியலைக் கேட்டார். நான் எகிறினேன். "எங்க பக்கத்துல புள்ளைங்க எல்லாந்தான் பன்னு துன்னுது. இவன் மட்டும் இன்னா பாவம் பண்ணான் மேடம்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மத்த பசங்க உடம்பு செலவு பண்ற மாதிரி பாலு உடம்பு செலவு பண்ணாதுங்க. கொஞ்சம் அதிகமானாலும் தங்கிடும். தசையும் தளர்ச்சி. ஒரு எட்டு எடுத்து வைக்க அவன் மத்தவங்கள விட அதிகமா பாடுபடணும். நீங்க எல்லாரும் சேர்ந்து பாசத்த அவன் கால்ல மூட்டை மூட்டையா கட்டி விடறீங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

மறுநாள் சாயங்காலம் நிறுத்தத்தில் போய் நின்றேன். உன் அப்பனுக்கு மெதுவாகப் பேச வராது, தெரியும்தானே. ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நின்றதும், "எம் புள்ளைக்கு இனிமே யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது, சொல்டேன்" என்று கத்தினேன். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய மேரி அக்காவுக்கு முகம் சுருங்கிப் போனது. "ஒரு பிஸ்கட்டுக்கா இம்மாம் பேஜாரு?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் என்ன ஆனது தெரியுமா? பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், உன் முகத்தைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க முடியாது என்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். நீ கையை நீட்டினபடியே நின்றாய். தீனி கிடைக்காததற்கு நீ அழவில்லை. யாரும் கை தட்டவில்லை என்றுதான் அழுதாய். வீட்டில் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "தீனிய நிறுத்துன்னு சொன்னா, நீ மனுசாளயே நிறுத்திட்டு வந்துகீற!"

வழி கண்டுபிடித்தது நானோ அம்மாவோ மேடமோ இல்லை, நீ. அதை எழுதத்தான் இந்தப் பேனாவையே எடுத்தேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மேரி அக்கா தலையைக் குனிந்தபடி இறங்கினார். நீ நேராகப் போய் அவர் கையில் இருந்த டிபன் பையைப் பிடுங்கினாய். பிஸ்கட்டைத்தான் எடுக்கப் போகிறாய் என்று நினைத்து நான் ஓடி வந்தேன். நீ பையைத் திறக்கவே இல்லை. தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாய். அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாய், கை தட்டினாய், அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினாய். ஓடினாய் என்றா எழுதினேன்? ஆமாம், ஓடினாய். நான் புத்திகெட்டவன், அதற்கும் குதித்தேன். "எம் புள்ள இன்னா கூலியா, ஊரார் பைய தூக்கறதுக்கு?" என்று மேரி அக்காவிடம் சண்டைக்குப் போனேன். நீ நடுவில் வந்து நின்று என் வயிற்றில் கை வைத்துத் தள்ளினாய். "நான் வேல பண்றேன் நைனா. நீ போ" என்றாய். அவ்வளவு நீளமாக நீ பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தெருவே மாறிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் தீனியை அடியில் தள்ளிவிட்டுப் பையை நீட்டுவார்கள். நீ ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு ஓடுவாய். மழை நாளில் நீ வரவில்லை என்றால் ஆட்கள் வீடு தேடி வந்து, "இன்னாடா பாலு, லீவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சுகந்தி மேடத்திடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நடை, சுமை, ஓட்டம், நாலு பேரோட பேச்சு எல்லாம் இதிலயே இருக்கு. இதவிட நல்ல எக்சர்சைஸ் எனக்கு எழுதித் தரத் தெரியாது" என்றார். உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு பலவீனமாக இருக்கலாம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தலைகீழாகக் குட்டிக்கரணம் மட்டும் வேண்டாம், மற்றபடி தூக்கட்டும், நடக்கட்டும் என்று டாக்டரும் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்தில் பெருமை முழுக்க உன் அம்மாவுக்கு. உனக்கு நாக்கும் தாடையும் தளர்ச்சியாக இருந்ததால் மெல்லுவது கஷ்டம். அதனால் நீ டீயில் நனைத்த பன்னையும் குழைந்த சோற்றையும் மட்டும் கேட்பாய், மலச்சிக்கலில் அவதிப்படுவாய். அவள் வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கடைவாயில் வைத்து மெல்லப் பழக்கினாள். பிறகு சுண்டல், பிறகு கொய்யா. கேழ்வரகுக் களியும் கீரையும் முட்டையும் வந்தன. சோறு தட்டின் ஒரு ஓரத்துக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டாள்: பாலு தட்டில் என்னவோ அதுதான் எல்லார் தட்டிலும். அவனுக்கு ஒன்று நமக்கு ஒன்று கிடையாது. ரேவதி ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டாள். நான்தான் அப்பளம் இல்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வெளியே டீக்கடையில் போண்டா தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். எண்ணெய் வாசனையை வைத்து நீ என்னைக் காட்டிக்கொடுத்து விடுவாய். அந்தப் போண்டாக்கள்தான் இன்று சர்க்கரை நோயாக என் உடம்பில் உட்கார்ந்திருக்கின்றன. நம் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டவன் நீ, கேட்காதவன் நான்.

இனி திருத்தணிக்கு வருகிறேன். உன் அக்காவுக்குப் பிரசவம் சிக்கலானபோது, குழந்தையின் முதல் முடியைத் திருத்தணியில் கொடுப்பதாகவும், தாய்மாமன் தூக்கிக்கொண்டு படி வழியாகவே ஏறி வருவதாகவும் அவள் வேண்டிக்கொண்டாள். அந்தக் குழந்தை யாழினிக்கு ஒரு வயது நெருங்கும்போது உன் அக்காவின் மாமியார் நம் வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, பேத்தி மேல் உயிரை வைத்திருப்பவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. வண்டிதான் மேல வரைக்கும் போவுதே, படி இன்னாத்துக்கு? பாலு பாப்பாவத் தூக்கிக்கினு ஏறி, கால் கீல் தடுக்கிச்சுன்னா? மடியில ஒக்கார வைக்கறதுக்குக்கூட உங்க தம்பி மகன் ஒருத்தன் கீறான் இல்ல, அவனும் மாமன் முறதான்." ரேவதியின் முகம் வெளுத்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நீ சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தாய். "நான் மாமா. நான் தூக்குவேன்" என்றாய். அந்த அம்மா எழுந்தார். போகும்போது, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ செய்த கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல! அம்மாவிடம் அரிசிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டாய். யாழினியின் குல்லாவை அதற்கு மாட்டினாய். தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போய், தண்டவாளத்துக்கு மேலே போகிற நடைபாலத்தின் படிகளில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினாய். மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "இன்னா தம்பி, அரிசிக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். நீ உதட்டில் விரல் வைத்து, "தூங்குது" என்றாய். முதல் வாரம் பாதிப் படியில் உட்கார்ந்தாய். பிறகு உட்காரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகே அடுத்த படிக்குப் போவாய். இதய டாக்டரிடமும் ஒருமுறை காட்டி, ஏறலாம் என்று அவர் வாயால் கேட்டுக்கொண்டோம்.

திருத்தணி அடிவாரத்தில் ரேவதி குழந்தையை உன்னிடம் கொடுத்தபோது சம்பந்தியம்மா உன் பின்னாலேயே, இரண்டு கையையும் ஏந்தினபடி ஏறினார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு படி, இரண்டு கால், அப்புறம் அடுத்த படி. மண்டபம் வந்தபோதெல்லாம் நின்று தண்ணீர் குடித்தாய். பாதி தூரத்தில் அந்த அம்மாவின் கைகள் தானாகவே கீழே இறங்கிவிட்டன, அவருக்கே மூச்சு வாங்கியதும் ஒரு காரணம். எனக்கு அதைவிட மோசம். கால் நடுங்கியது, கண் இருட்டியது. நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாழைப்பழமும் தண்ணீரும் இருந்த பையோடு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன் முதுகு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இவன் தன் காலில் நிற்பானா என்று கேட்ட வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பாலு. சந்தோஷத்தில்தான்.

மேலே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மொட்டை போடுகிறவர் தண்ணீரோடு தயாராக இருந்தாராம். எல்லாரும் உன்னை உட்காரச் சொன்னார்களாம். நீ சுற்றிலும் பார்த்தாயாம், "நைனா இல்ல" என்றாயாம். குழந்தையைக் கொண்டுபோய் நேராகச் சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்து, "கெட்டியா புடிங்க. தல ஆடாம" என்று சொல்லிக்கொடுத்தாயாம்! அவரும் மறுபேச்சில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டாராம். நான் நிமிர்ந்து பார்த்தபோது நீ படியிறங்கி என் எதிரில் நின்றாய். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. "பை குடு நைனா" என்றாய். கொடுத்தேன். புங்கமரத்தடியில் மேரி அக்காவின் பையை மாட்டினாயே, அதே மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, "மெதுவா வா. இரு. இப்போ வா" என்று என்னை மேலே கூட்டிப்போனாய். நாம் போய்ச் சேரும்வரை ஒருவரும் உட்காரவில்லை. உன் மடியில் வைத்துத்தான் யாழினிக்கு மொட்டை, உன் மடியில் வைத்துத்தான் காதுகுத்து. அவள் வீறிட்டபோது நீ அவளைவிடப் பெரிதாக அழுதாய், அதையும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சம்பந்தியம்மா தன் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்து, "மாமன்னா இவன்தான்டி" என்று ரேவதியிடம் சொன்னார். எனக்கு நீட்டிய லட்டை நீ வாங்கிக் கிள்ளி, ஒரு துளி மட்டும் என் வாயில் வைத்துவிட்டு, "சுகரு" என்று மீதியைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துவிட்டாயே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் நீ வேலைக்குப் போகிறவன். கேண்டீன் மேலாளர், "நாள் முழுக்க நிப்பானா?" என்றுதான் முதலில் என்னைக் கேட்டார். உன் அப்பன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தாமல் பதில் சொன்னான்: "நீங்க ஒக்காரச் சொன்னாத்தான் சார் ஒக்காருவான்." நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மாத்திரையை மறக்காதே. அம்மா கொடுக்கிற டப்பாவைத் தின்றுவிடு. கால் வலித்தால் சொல்லிவிட்டு உட்கார், அதில் வெட்கம் இல்லை. உன் பங்குக்கும் ஒரு பன் கொடுப்பார்கள். அதைத் தின்பதும் தின்னாததும் உன் இஷ்டம், நீ பெரியவன். ஆனால் வழக்கப்படி அதைப் பையில் போட்டு எனக்குக் கொண்டுவந்துவிடாதே. நான் கேட்டாலும் கொடுக்காதே, கட்டாயம் கேட்பேன்.

எனக்கு இந்த மாதத்தோடு மில் வேலை முடிந்துவிட்டது. இனி நான் இறங்குவதற்குப் பஸ் இல்லை. அதனால் திங்கட்கிழமை சாயங்காலம் புங்கமரத்தடியில் நான் வந்து நிற்பேன். மேரி அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் பஸ்ஸின் ஹாரன் எது என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து பார்ப்பேன். நீ இறங்கியதும் கை தட்டுவேன். அப்புறம் கையை நீட்டுவேன். பையைக் கொடு, வீடு வரைக்கும் நான் தூக்கி வருகிறேன்.

உன்
நைனா